இரண்டு நாள், ஒரு பெரிய படம்: அறிவியல் புனைவு ரசிகர் வார இறுதியைத் திட்டமிடும் முறை

சனி, ஞாயிறு இரண்டு நாள்களில் ஐந்து அறிவியல் புனைவுப் படங்களைப் பார்த்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரித்தால், எந்த விண்கலம் எந்தப் படத்தில் வெடித்தது என்பதே அவர்களுக்குக் குழம்பிப்போயிருக்கும். குடும்பக் கதையையோ துப்பறியும் கதையையோ பார்க்க உட்காரும்போது அந்த உலகத்தின் விதிகள் நமக்கு முன்பே தெரியும். அறிவியல் புனைவில் அப்படியல்ல. இந்த உலகில் காலம் எப்படி ஓடுகிறது, இயந்திரத்துக்கு என்ன உரிமை உண்டு, யார் மனிதர், யார் மனிதரைப் போன்றவர் என்பதையெல்லாம் முதல் அரை மணி நேரத்துக்குள் பார்வையாளரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை ஒரே நாளில் இரண்டாவது முறை செய்யும்போது மனம் ஒத்துழைப்பதில்லை. ஆகவே வார இறுதிக்கு ஒரே ஒரு பெரிய படத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நல்ல நேரத்தை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குவதே சரியான வழி.

அந்த நல்ல நேரம் வெள்ளிக்கிழமை இரவு இல்லை. வாரம் முழுவதும் வேலை பார்த்த களைப்போடு தர்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) பார்க்க உட்காருகிறவர், டோக்கியோ சாலைகளில் எடுக்கப்பட்ட அந்த நீண்ட கார்ப் பயணக் காட்சியைத் தாண்டமாட்டார். அது படத்தின் குறையன்று. அதுவரை பூமியில் நடந்த கதை விண்வெளி நிலையத்துக்குப் போவதற்கு முன்னால், பார்வையாளரின் நாடித்துடிப்பைக் குறைப்பதற்காகவே இயக்குநர் அந்தக் காட்சியை அப்படி நீட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அதை உணர விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை, வீட்டில் மற்றவர்கள் எழுந்து தொலைக்காட்சியைக் கேட்பதற்கு முன்பு கிடைக்கும் மூன்று மணி நேரம் இத்தகைய படங்களுக்குப் பொருத்தமானது.

ஆனால் எல்லாப் படத்தையும் காலையில் பார்க்க முடியாது. 'ஏலியன்' (1979), 'பிளேடு ரன்னர்' (1982) போன்றவற்றில் பாதிக்கு மேல் இருட்டு. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் நம் முகமும் பின்னால் இருக்கும் அலமாரியும்தான் தெரியும். அவற்றைச் சனிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொண்டு, வெண்மையான கூடங்களும் வெளிச்சமான காட்சிகளும் நிறைந்தவற்றைக் காலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

காலைக்கு ஏற்ற படங்களில் முதலிடம் 1968இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கே. கொழும்பில் பல ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே 2008இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், குப்ரிக்குடன் சேர்ந்து இதன் திரைக்கதையை எழுதினார். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும் இப்படத்தின் முதல் இருபத்தைந்து நிமிடங்களில் ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்தப் பகுதியில் கைப்பேசியை எடுத்துவிட்டால் படம் கையை விட்டுப் போய்விடும். வேறு அறையில் வைத்துவிட்டு வருவது நல்லது. ஆங்கிலப் படங்களை நம்மூர்த் திரையரங்குகளில் ஏதாவது ஒரு வசனத்தின் நடுவே வெட்டி இடைவேளை விடும் வழக்கத்துக்குப் பழகியவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. இதன் இடைவேளையைக் குப்ரிக்கே வைத்திருக்கிறார். விண்கலத்தை இயக்கும் 'ஹால்' (HAL) என்னும் கணினிக்குத் தெரியாமல் பேச வேண்டும் என்று இரண்டு விண்வெளி வீரர்கள் சிறிய கலம் ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒலி வெளியே வராது என்ற நிம்மதியில் அவர்கள் பேச, கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஹாலின் பார்வை ஒருவர் உதட்டிலிருந்து மற்றவர் உதட்டுக்கு மாறி மாறி நகர்கிறது. அவ்வளவுதான், இடைவேளை. காபி போடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எந்தப் படத்திலும் கிடையாது. அதற்கு முன்பு எழுந்திருக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

படத்தைத் தேர்ந்தெடுத்தபின் எந்த வடிவம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் அதிகம் குழப்புவது 'பிளேடு ரன்னர்'. 1982இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த வடிவத்தில் நாயகனின் பின்னணிக் குரல் கதையை விளக்கிக்கொண்டே வரும். கடைசியில் பசுமையான மலைகளுக்கு நடுவே ஒரு மகிழ்ச்சியான முடிவும் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மலைக் காட்சிகள், குப்ரிக் தம்முடைய 'த ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை என்பது வேறு வேடிக்கை. 1992இல் வந்த இயக்குநர் வடிவத்தில் குரலும் மலைகளும் போயின. ஒற்றைக்கொம்புக் குதிரை வரும் ஒரு கனவு சேர்ந்தது. படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழு உரிமையோடு செப்பனிட்டது 2007இல் வந்த 'ஃபைனல் கட்'. முதல் முறை பார்ப்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1982ஆம் ஆண்டு வடிவத்தை, ஒரு தயாரிப்பு நிறுவனம் பார்வையாளரின் அறிவை எவ்வளவு குறைத்து மதிப்பிடும் என்று தெரிந்துகொள்ள விரும்பும்போது பிறகு பார்க்கலாம்.

'மெட்ரோபோலிஸ்' (1927) பார்க்க விரும்புகிறவர்களும் ஓடும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பல காலம் வெட்டப்பட்ட வடிவமே புழக்கத்தில் இருந்தது. 2008இல் புவெனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட முழுமையான பிரதி ஒன்று அடையாளம் காணப்பட்டு, 2010இல் சீரமைக்கப்பட்ட வடிவம் வெளிவந்தது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடினால் அதுதான் இது.

ஒரே நாளில் இரண்டு பெரிய படங்கள் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு பெரிய படத்தோடு அதன் உறவுக்காரச் சிறிய படம் ஒன்றைச் சேர்ப்பது வேறு விஷயம். இதற்குக் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே' (1962) படத்தையும், அதிலிருந்து பிறந்த டெர்ரி கில்லியமின் '12 மங்கீஸ்' (1995) படத்தையும் சொல்வேன். முன்னது 28 நிமிடம். ஏறக்குறைய முழுவதும் அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் ஆனது. ஒரே ஓரிடத்தில் மட்டும், படுக்கையில் உறங்கும் பெண்ணின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லக் கரைந்துகொண்டே வந்து, திடீரென்று அவள் கண்களைத் திறந்து இமைக்கிறாள். சில நொடிகள்தான். குனிந்து முறுக்கு எடுத்தால் தவறிவிடும். வந்த ஆண்டுகளின் வரிசைப்படி பார்க்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டுக்கும் முடிவு ஏறத்தாழ ஒன்றே. முடிவு தெரிந்துவிட்டால் '12 மங்கீஸ்' தன் புதிரில் பாதியை இழக்கிறது. 'லா ஜெட்டே' எதையும் இழப்பதில்லை. பெரிய படத்தை இரவில் முதலில் பார்த்துவிட்டு, சிறியதை மறுநாள் காலை தேநீரோடு பார்ப்பதே சிறந்தது.

இனி தொடர்கள். வார இறுதியை விழுங்குவது இவைதான். 'ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை ஏழு சீசன்களில் 178 எபிசோடுகள் ஓடியது. வார இறுதிக்கு ஆறு என்று வைத்தாலும் முப்பது வாரங்கள் ஆகும். முதல் எபிசோடிலிருந்து வரிசையாகத் தொடங்கும் நேர்மையாளர்கள் பலர் முதல் சீசனிலேயே மனம் விட்டுப்போகிறார்கள். அந்தச் சீசன் உண்மையிலேயே சுமார்தான். பெரும்பாலான எபிசோடுகள் தனித்தனிக் கதைகள் என்பதால் நடுவிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. இரண்டாம் சீசனில் வரும் 'த மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடு நல்ல நுழைவாயில். டேட்டா என்னும் இயந்திர அதிகாரி தன்னைப் பிரித்து ஆராய்வதை மறுக்க முடியுமா, அல்லது அவர் அரசின் உடைமையா என்று விசாரணை நடக்கிறது. அவருக்கு எதிராக வாதாடும்படி அவருடைய நண்பரான ரைக்கரே கட்டாயப்படுத்தப்படுகிறார். வேறு வழியில்லாத ரைக்கர், விசாரணை மன்றத்திலேயே டேட்டாவின் கையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். பிறகு அவரை நிறுத்தும் விசையை அழுத்துகிறார். டேட்டா அப்படியே மேசைமேல் சாய்ந்துவிடுகிறார். வாதத்தில் வென்றுவிட்டோம் என்பதைத் தாங்க முடியாமல் ரைக்கர் திரும்பி நடக்கும் அந்த இடத்தில் பிடிபடாதவர்களுக்கு இந்தத் தொடர் பிடிக்காது. நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

ஒரே கதையாகத் தொடர்கிறவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் வரிசைதான் எல்லாம். 'ஃபயர்ஃப்ளை' தொடரை 2002இல் ஃபாக்ஸ் அலைவரிசை தாறுமாறான வரிசையில் ஒளிபரப்பியது. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேரத் தொடக்கக் கதையான 'செரினிட்டி' அந்த ஆண்டு டிசம்பரில், கடைசியாகத்தான் வந்தது. எடுக்கப்பட்ட 14 எபிசோடுகளில் மூன்றை அந்த அலைவரிசை காட்டவே இல்லை. ஆகவே 'செரினிட்டி'யில் தொடங்குகிறதா என்று உறுதிசெய்துகொண்டு ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் சுமார் பதினோரு மணி நேரம்தான். இரண்டு வார இறுதிகளில் பரப்பி, கடைசியில் அதே பெயரில் 2005இல் வந்த திரைப்படத்தோடு முடித்துவிடலாம். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வின் புதிய வடிவத்துக்கும் இதுபோன்ற கண்ணி ஒன்று உண்டு. அதன் உண்மையான தொடக்கம் 2003இல் வந்த மூன்று மணி நேரக் குறுந்தொடர். அதைச் சில இடங்களில் தனிப் பெயராக வைத்திருப்பதால், பலர் நேராக முதல் சீசனுக்குப் போய், ஏன் எல்லோரும் இவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்று விழிக்கிறார்கள்.

ஒவ்வொரு எபிசோடும் உச்சக்கட்டத்தில் அறுபடும் தொடர்களை நிறுத்துவதற்கு மன உறுதி தேவையில்லை, இடம் தெரிந்தால் போதும். எபிசோடின் முடிவில் நிறுத்த முயலாமல், அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடம் வரை பார்த்துவிட்டு நிறுத்துங்கள். முந்தையதில் தொங்கவிட்ட முடிச்சு பெரும்பாலும் அதற்குள் அவிழ்ந்திருக்கும். அடுத்த முடிச்சு இன்னும் விழுந்திருக்காது. தானாக அடுத்த எபிசோடு ஓடும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவைப்பதும் உதவும். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: மேலே சொன்ன 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்'. மூன்றாம் சீசனின் கடைசியிலும் நான்காம் சீசனின் முதலிலுமாக இரண்டு பாகங்கள்; 1990இல் ரசிகர்கள் இடையில் ஒரு கோடைக்காலம் முழுவதும் காத்திருந்தார்கள். நமக்கு அந்தத் தண்டனை வேண்டாம்; ஒரே அமர்வில் பார்த்துவிடலாம்.

உட்காருவதற்கு முன் தொலைக்காட்சியில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. இடையில் இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கி அசைவை வழவழப்பாக்கும் வசதி இன்றைய தொலைக்காட்சிகளில் உண்டு. கிரிக்கெட்டுக்கு அது சரி. விண்கலம் அதில் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். எல்ஜியில் ட்ரூமோஷன் என்றும், சோனியில் மோஷன்ஃப்ளோ என்றும், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்றும் இருக்கும் அதை அணைத்துவிட வேண்டும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். ஒலியில், 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) போன்ற படங்களில் இசை எழும்போது வசனம் அமுங்கிவிடும். ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதைவிட, எந்த மொழியில் வேகமாகப் படிப்பீர்களோ அந்த மொழியில் சப்டைட்டிலைப் போட்டுவிடுவது மேல். 'த எக்ஸ்பான்ஸ்' தொடருக்குச் சப்டைட்டில் கட்டாயம். சிறுகோள் பகுதி மக்கள் பேசுவதற்கென்றே மொழியியல் அறிந்த நிக் ஃபார்மர் உருவாக்கிய கலப்பு மொழியை வெறும் காதால் பிடிப்பது கடினம்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்தை வீட்டாருக்கு விட்டுக்கொடுப்பதே விவேகம். அப்போதும் அறிவியல் புனைவைக் கைவிட வேண்டியதில்லை. 'இன்று நேற்று நாளை' (2015) கால இயந்திரக் கதையை அப்பத்தா முதல் பேரன் வரை எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறது. செய்த காரியத்தின் விளைவை விடாமல் துரத்துவதில் பல பெரிய செலவுப் படங்களைவிட ஒழுங்கானது. மொழியே தடையாக இருக்கும் வீட்டில் 'வால்-இ' (2008) போடலாம். அதன் முதல் பகுதியில் பேச்சு மிகக் குறைவு.

ஞாயிறு இரவுக்குப் புதிய தொடர் எதையும் தொடங்க வேண்டாம். 1959 முதல் 1964 வரை வந்த 'த ட்விலைட் ஸோன்' தொடரிலிருந்து ஒரே ஓர் எபிசோடு போதும். நான்காம் சீசன் தவிர மற்றவை சுமார் 25 நிமிடம்தான். படிப்பதற்கு நேரமே கிடைக்காத வங்கி ஊழியரைப் பற்றிய 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' மறுநாள் அலுவலகம் போகிறவர்களுக்கு மிகவும் பொருந்தும். முடிவை யாரும் முன்கூட்டியே சொல்லிவிட அனுமதிக்காதீர்கள்.

அடுத்த வாரத்துக்கான பெரிய படத்தை வியாழக்கிழமைக்குள் தேர்ந்தெடுத்து, எந்த ஓடிடியில் இருக்கிறது, எந்த வடிவம், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துவைத்துவிட வேண்டும். உரிமம் முடிந்தால் படங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகின்றன. திரும்பத் திரும்பப் பார்ப்போம் என்று தெரிந்த படங்களுக்கு ப்ளூ-ரே வட்டு வாங்கிவைப்பது வீண் செலவாகாது. 'பிளேடு ரன்னர்' வடிவங்கள் பலவும் ஒரே பெட்டியில் கிடைப்பது அங்கேதான்.