விரல் மடக்கி எண்ணாதீர்கள்: படத்தொகுப்பு விருதைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் சேலம் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே ஆஸ்கர் பட்டியலை அலசும் கூட்டம் எங்களுடையது. படத்தொகுப்புப் பிரிவு வந்ததும் நண்பர் ஒருவர் கைப்பேசியில் சண்டைக் காட்சியை ஓடவிட்டு, ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விரலை மடக்குவார். பத்து விரலும் தீர்ந்துவிட்டால் அந்தப் படத்துக்குப் பரிந்துரை உறுதி என்பது அவர் கணக்கு.

முதல் தவறு இதுதான். ஏற்காட்டுக்கு இருபது கொண்டையூசி வளைவு ஏறுகிறோம். ஓட்டுநர் எத்தனை முறை ஸ்டியரிங்கைத் திருப்பினார் என்றா எண்ணுகிறோம்? குமட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாரா என்றுதானே பார்க்கிறோம்! இருவர் பேசும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் வாயை மூடும்வரை காத்திருக்காமல், கேட்கிறவரின் இமை தாழ்வதை எந்தச் சொல்லில் காட்டினார்கள்? அரை நொடி தள்ளிப்போயிருந்தால் கோபம் எரிச்சலாகச் சுருங்கியிருக்குமா? எடிட்டரின் கை தெரியும் இடம் அது. பரபரப்பான படங்கள் வாக்காளர் கண்ணில் எளிதில் படும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

அடுத்தது, வாக்களிப்பவர் யார் என்பதை மறப்பது. ஆஸ்கரில் ஐந்து பரிந்துரைகளையும் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த விருதை வழங்கும் அகாடமியின் படத்தொகுப்பாளர் பிரிவினர். வெற்றியாளரை அகாடமி உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியலைக் கணிக்கவும் வெற்றியைக் கணிக்கவும் ஒரே மூளை போதாது.

பழைய வழக்கத்தை விதியாக நம்பி நானே சூடுபட்டிருக்கிறேன். 1981 முதல் 2013 வரை வெளியானவற்றில் சிறந்த படமாகத் தேர்வான ஒவ்வொன்றும் படத்தொகுப்புப் பரிந்துரையும் பெற்றிருந்தது. வெட்டே இல்லாததுபோல் தோற்றம் காட்டிய ‘பேர்ட்மேன்’ 2014-இல் அந்தச் சங்கிலியை அறுத்தது. அது ஒரு விதிவிலக்கு என்று நான் ஒதுக்கிவிட்டேன். 2022 விழாவில், படத்தொகுப்புப் பட்டியலிலேயே இல்லாத ‘கோடா’ சிறந்த படமானது. அன்று எட்டுப் பேர் சாப்பிட்ட தட்டுவடைக்கு என் பையிலிருந்துதான் காசு போயிற்று.

அமெரிக்கப் படத்தொகுப்பாளர் அமைப்பின் எடி விருதுப் பட்டியலை அப்படியே நகலெடுப்பதும் வீண். அங்கே நாடகப் படம், நகைச்சுவைப் படம் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆஸ்கரில் எல்லாம் ஒரே பந்தி.

நம் தேசிய விருதுக்கு வந்தால் விவாதமே தடம் மாறிவிடுகிறது. “பரிந்துரைப் பட்டியலில்கூட நம் படத்தை விட்டுவிட்டார்கள்” என்று ஆண்டுதோறும் ஒருவர் கொதிப்பார். அங்கே அப்படி ஒரு பட்டியலே வெளியாவதில்லை. நடுவர் குழு படங்களைப் பார்த்து, நேரே விருதை அறிவித்துவிடும். ‘ஆடுகளம்’ படத்துக்கும், மறைவுக்குப் பிறகு ‘விசாரணை’க்கும் கிஷோர் சிறந்த படத்தொகுப்பாளர் விருது பெற்றது அந்த வழியில்தான். இதைச் சொன்னால் கொதித்தவர் சற்றே அடங்குவார். விரல் மடக்கும் நண்பர் மட்டும், “விசாரணையில் எத்தனை வெட்டு?” என்று கேட்பார்.