அழகர்மலைக் குரங்குகளைக் காண வெளிநாட்டு மாணவரை அழைத்துச் செல்லும் முறை

செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானத்தைப் பயிலவும் தமிழ் கற்கவும் வந்து, கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் சில மாதங்கள் தங்கும் வெளிநாட்டு மாணவர்கள், விடுமுறை நாளில் காட்டுக் குரங்குகளைக் காண வேண்டும் என்று கேட்பதுண்டு. குரங்கே இல்லாத நாட்டில் பிறந்தவருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்பது, கோயில் மதிலில் குரங்கைப் பார்த்தே வளர்ந்த நமக்கு எளிதில் விளங்குவதில்லை. அவ்வாறு கேட்பவரை அழகர்மலைக்கு அழைத்துச் செல்லும் வீட்டாருக்கும் உடன் படிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தின்பண்டம் எதையும் கையில் எடுத்துக்கொண்டு மலையேறக் கூடாது.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை செல்லும் பேருந்தில் ஏறி மேலூரில் இறங்கினால், அங்கிருந்து அழகர்கோவிலுக்கு நகரப் பேருந்து கிடைக்கும். குரங்குகள் காலையிலும் மாலையிலும் இரை தேடும். நடுப்பகலில் நிழலில் ஓய்வெடுக்கும். ஆகவே விடியுமுன்னே புறப்பட்டு, எட்டு மணிக்குள் மலையடிவாரத்தை அடைந்துவிடுவது நல்லது. சஷ்டி, கார்த்திகை, அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை ஆகிய நாள்களைத் தவிர்க்க வேண்டும். அந்நாள்களில் பழமுதிர்சோலை முருகனையும் நூபுரகங்கைத் தீர்த்தத்தையும் நாடி வரும் கூட்டம் பொரியும் பழமும் வீசும் என்பதால், குரங்குகள் மரத்தை விட்டு இறங்கிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. குட்டிகளைக் காண விரும்பினால் மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஏற்றவை; பெரும்பாலான குட்டிகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் பிறக்கின்றன.

பையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல்முறை நான் ஒரு மாணவியை அழைத்துச் சென்றபோது, எங்கள் அப்பத்தாள் வழியில் கொறிப்பதற்கென்று சீப்புச்சீடையை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்திருந்தார். மலைப்பாதையில் அந்த மாணவி தண்ணீர் எடுக்கப் பையைத் திறந்தபோது கவர் சரசரத்தது. அந்த ஓசை கேட்டதும், இருபதடி தொலைவில் கண்மூடி இருந்த பெரிய கடுவன் (ஆண் குரங்கு) ஒன்று எழுந்து வந்து, பையின் வாரைப் பற்றிக்கொண்டு பல்லைக் காட்டியது. பையை விட்டுவிடும்படி நான் சொன்னதை அவர் உடனே கேட்டதால் கீறல்கூடப் படவில்லை; ஆனால் தோழமையாக விளையாட வருகிறது என்று எண்ணி அவர் சிரித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. புறப்படுமுன் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பைக்குள் வைத்து வாய் கட்டிவிடுகிறேன். சாப்பாட்டை மேலூரில் வைத்துக்கொள்கிறேன். கறுப்புக் கண்ணாடி, தொங்கும் காதணி, கையில் ஆட்டிக்கொண்டு நடக்கும் செல்போன் ஆகியவையும் குரங்குகளை ஈர்க்கும். கோயிலில் விற்கும் அழகர்கோவில் தோசையின் நெய் மணத்தை அங்குள்ள குரங்குகள் நன்றாக அறியும் என்பதால், அதை இறங்கி வந்தபின் வாங்கி, மூடிய இடத்தில் உண்ண வேண்டும்.

அடிவாரத்துக் கள்ளழகர் கோயிலிலிருந்து மேலே செல்ல வண்டி உண்டு; எனினும் குரங்கைக் காண வந்தவர் நடப்பதே முறை. கடைகளைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த வளைவு ஒன்றில், பாதையோரம் முதுகுக்குப் பின்னால் திறந்தவெளி இல்லாதபடி உட்கார்ந்துகொள்ளுங்கள். அரைமணி நேரமாவது பேசாமல் இருக்க வேண்டும். இவை நாட்டுக்குரங்குகள்; உச்சந்தலையில் வகிடெடுத்ததுபோல் மயிர் நாற்புறமும் விரிந்து குல்லாய்போல் படிந்திருக்கும்; வாலோ உடல் நீளத்துக்குக் குறையாது. தென்னிந்தியத் தீபகற்பத்தில் அன்றி உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை என்பதையும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவற்றை அழிய வாய்ப்புள்ள இனங்களில் சேர்த்துள்ளது என்பதையும் மாணவரிடம் சொல்லுங்கள். ஆண் கடுவன், பெண் மந்தி, குட்டி பறழ் என்னும் பழஞ்சொற்களைக் கேட்டால் தமிழ் பயில்பவர் மகிழ்ந்து குறித்துக்கொள்வார்.

கூட்டம் முழுவதையும் பார்க்க முயலாமல் ஒரே ஒரு குரங்கைத் தேர்ந்துகொண்டு கண்ணால் தொடர்வதே நான் கண்ட சிறந்த முறை. ஆலம்பழத்தை விழுங்காமல் கன்னப்பைக்குள் அடக்கி, வேறொரு கிளைக்குச் சென்று அமர்ந்தபின், புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும் மந்தியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதையும் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். தோலைத் தூய்மை செய்வதோடு உறவைப் பேணும் வேலையும் அதில் அடங்கியிருக்கிறது. வயிற்றோடு ஒட்டிய கருநிறக் குட்டியுடன் வரும் தாய்க்கு மட்டும் கூடுதலாக விலகி வழிவிடுங்கள்.

புன்னகைக்கும் பழக்கமுள்ள வெளிநாட்டினருக்குக் குரங்கின் முகக்குறிப்புகளை முன்னரே விளக்குவது கட்டாயம். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பது அவற்றின் வழக்கில் மிரட்டல். புருவத்தை உயர்த்தி வாயைத் திறந்து முறைத்தாலும், பெரிய ஆண் பல் தெரிய மீண்டும் மீண்டும் கொட்டாவி விட்டாலும், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று கொள்ள வேண்டும். அப்போது ஓடாமல், கத்தாமல், வெறுங்கையை விரித்துக் காட்டி, பார்வையைத் தாழ்த்திப் பின்வாங்குங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் அன்று பயணத்தைத் தள்ளிப்போடட்டும். நோய் நம்மிடமிருந்து அவற்றுக்கும் தொற்றும்.

கடியோ கீறலோ பட்டால், சிறியதுதானே என்று விடக்கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ வைக்கக் கூடாது. பின்னர் தாமதமின்றி மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதல் நாளோடு நிறுத்தாமல், மருத்துவர் குறித்துத் தரும் எல்லா நாள்களிலும் போட்டு முடிக்க வேண்டும். சொந்த நாட்டில் அதை முன்பே போட்டுக்கொண்ட மாணவர் அந்த விவரத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவியாகும்.

பழம் ஒன்றையாவது கொடுக்கக் கூடாதா என்று மாணவர் கேட்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் புண்ணியம் என்றும் சொல்வார்கள். அவர்களிடம் மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டியது இதுதான். தீனிக்குப் பழகிய குரங்கு சாலையோரம் வந்து வண்டியில் அடிபடுகிறது, அல்லது பையைப் பிடுங்கி, அதனால் எழும் புகாரில் கூண்டு வைத்துப் பிடிக்கப்பட்டுத் தன் கூட்டத்தைப் பிரிந்து வேறு காட்டில் விடப்படுகிறது. ஆலும் அத்தியும் நாவலும் பழுக்கும் மலையில் அதற்கு நம் வாழைப்பழம் தேவையில்லை.

பதினொரு மணிக்குள் இறங்கிவிட்டால் மேலூரில் சாப்பிட்டு, பொழுது சாயுமுன் காரைக்குடி திரும்பலாம். சொந்த வண்டியில் செல்வோர் அதை மரத்தடியில் நிறுத்தினால், கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் வண்டியின் மேலும் கீழும் குட்டி எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்தபின் எஞ்சினை இயக்குங்கள்.