ஃபிரேம் கறுப்புதான், ஆனால் எந்தக் கறுப்பு?

பழைய பைக்கைப் பிரித்துப் போட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்க வேலை செய்கிறவர்கள் டேங்க் கலருக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ஃபிரேம் என்று வந்தால் மட்டும் கறுப்புதானே, அடித்துவிடலாம் என்று விட்டுவிடுவார்கள். கடைசியில் வண்டியைத் தள்ளி நிறுத்திப் பார்த்தால் ஏதோ உறுத்தும், எதுவென்று சொல்லத் தெரியாது. என் அனுபவத்தில் உறுத்துவது நிறம் இல்லை, பளபளப்பும் பெயின்டின் தடிமனும்தான்.

கறுப்பு என்பதையும் முதலிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டிஷ் கம்பெனியான பி.எஸ்.ஏ.வின் 1971 மாடல்கள் வெளிர் சாம்பல் ஃபிரேமோடு வந்தன, மறு வருடமே கறுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். 1974 டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட்டில் நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். பழைய ஜாவாக்களில் டேங்குக்கு அடித்த அதே சிவப்பு ஃபிரேமிலும் இருக்கும்.

அதனால் பெயின்டை உரிப்பதற்கு முன்னால் தேட வேண்டும். வெயில் படாத இடங்கள்தான் உண்மையைச் சொல்லும்: டேங்க் உட்காரும் குழாயின் மேல்பக்கம், சீட்டுக்கு அடி, பேட்டரி பெட்டியின் கிளாம்ப் மூடியிருந்த இடம், இன்ஜின் பிளேட் ஒட்டியிருந்த முகம். கிரீஸைத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரு நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் இரும்பு தெரிகிறவரை தேய்த்தால், வெட்டிய வெங்காயம் மாதிரி ஒவ்வொரு அடுக்கும் வளையமாக வரும். வெளி வளையங்கள் இடையில் வந்த சொந்தக்காரர்கள் அடித்தது, இரும்பையும் பிரைமரையும் ஒட்டி இருப்பது கம்பெனி அடித்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் ஈரமாகவே தேயுங்கள், உலர்ந்த தூசியைக் கிளப்பாதீர்கள்.

கிடைத்த கம்பெனி பெயின்ட் மங்கலாகத்தான் இருக்கும். அதுதான் அசல் ஃபினிஷ் என்று நினைத்து மேட், அதாவது பளபளப்பில்லாத கறுப்பு அடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மங்கல் வயசால் வந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பாலிஷ் காம்பவுண்ட் போட்டு லேசாகத் தேய்த்துப் பாருங்கள், கீழிருந்து எழும்பும் பளபளப்புதான் வண்டி கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்தது.

பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் பல காலம் ஃபிரேமை எனாமல் தொட்டியில் முக்கி எடுத்து, வடியவிட்டு, சூளையில் சுட்டன. அதனால்தான் அந்தக் கறுப்புக்கு ஒரு ஆழம் இருக்கும், மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப் புள்ளியாக இருக்காது, ஆனால் லக்குகளின் (குழாய்களை இணைக்கும் வார்ப்பு மூட்டுகள்) அடியில் சொட்டு இறங்கி உறைந்த தடம் இருக்கும். அதெல்லாம் தப்பு இல்லை, அதுதான் அசல். லக்கின் வார்ப்புச் சொரசொரப்பையும் அரம் போட்ட கீறல்களையும் பட்டி பார்த்து வழவழவென்று ஆக்கிவிட்டால் பொம்மை வண்டிதான் மிஞ்சும்.

இதே காரணத்தால்தான் எனக்கு இந்த வேலைக்குப் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவி, சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பெயின்ட்) பிடிப்பதில்லை. பலமானது, தினம் ஓட்டுகிற வண்டிக்குத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வழக்கமாக 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் ஏறும், ஓரங்கள் உருண்டுவிடும், ஃபிரேம் நம்பரின் வெட்டு நிரம்பிவிடும். 200 டிகிரி செல்சியஸ் பக்கம் சுடுவதால் சாதாரண பட்டி போட்ட இடமும் தாங்காது.

பெயின்டுக்கு முன்னால் மணல் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்து உரிப்பது) செய்கிறீர்கள் என்றால் மரைகள், ஸ்டீயரிங் பேரிங் உட்காரும் கிண்ணம், ஃபிரேம் நம்பர் மூன்றையும் மூடிவிடுங்கள். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர், மெல்லிசாக.

சரி, பளபளப்புக்கு வருவோம், இது அசல் பெயின்டை உரிப்பதற்கு முன்னாலேயே முடிக்க வேண்டிய வேலை. டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட்) கறுப்பை அப்படியே அடித்தால் எப்போதும் நனைந்த மாதிரி மினுக்கும், பழைய எனாமல் அவ்வளவு மினுக்காது. அதே பிராண்டின், பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் ஏஜென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூன்று நான்கு கலவை செய்யுங்கள். நான் முதல் தடவை இதைத் தட்டைத் தகரத்தில் அடித்துப் பார்த்து, பிரமாதம் என்று ஃபிரேம் முழுக்க அடித்தேன், காய்ந்ததும் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதாயிற்று. தகரத்தில் வெளிச்சம் பரவி விழும், குழாயிலோ ஒற்றைக் கோடாக ஓடும். அதனால் ஃபிரேம் குழாயின் அதே விட்டமுள்ள துண்டுக் குழாய்களில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே, பாலிஷ் போட்ட அந்த அசல் இடத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டிலும் ஓடுகிற வெளிச்சக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கத்தி மாதிரி இருந்தால் பளபளப்பு அதிகம், பஞ்சு மாதிரி கரைந்தால் மேட் கூடிப்போயிற்று, நெளிந்தால் ஸ்பிரே கன்னின் காற்றழுத்தத்தையோ தின்னரையோ சரிசெய்ய வேண்டும். அப்புறம் வெயிலில் இரண்டுக்கும் பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள், கறுப்பு நீலத்துக்குச் சாய்கிறதா, பழுப்புக்குச் சாய்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

மேட்டிங் கலந்த பெயின்ட் கனமாக விழுந்த இடத்தில் பெரும்பாலும் கூடுதலாகப் பளபளக்கும். துண்டுக் குழாயில் எத்தனை கோட், எவ்வளவு தூரம், கன்னில் எந்த முனை என்று எழுதி வைத்து ஃபிரேமிலும் அதையே செய்யுங்கள், கன்னின் பெயின்ட் கப்பை அடிக்கடி கலக்குங்கள், மேட்டிங் அடியில் தங்கிவிடும். டூ-கே ஹார்டனரில் மூச்சில் போனால் ஆபத்தான ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் இருக்கிறவரிடம் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுக்கும்போது வாயால் விளக்க வேண்டாம், அந்தத் துண்டுக் குழாயைக் கையில் கொடுத்து, இது மாதிரியே என்று சொன்னால் போதும்.