முதல் பாட்டுக்கு மெட்டைக் கடன் வாங்குங்கள்

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மெட்டில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இதுவரை யாரும் கேட்டிராத மெட்டு ஒன்று தானாக வந்து விழும் என்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் காத்திருந்தேன். வந்ததெல்லாம் ஏற்கெனவே எங்கோ கேட்ட சினிமாப் பாட்டுகளின் மிச்சம்.

நாட்டார் மரபிலிருந்து வந்த பாடலாசிரியர்கள் அப்படிக் காத்திருக்கவில்லை. அமெரிக்கப் பாடகர் வுடி கத்ரி 1940 பிப்ரவரியில் நியூயார்க் விடுதி அறை ஒன்றில் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டை எழுதியபோது, கார்ட்டர் குடும்பத்தார் என்ற நாட்டுப்புற இசைக் குழு பாடிய பழைய பக்திப் பாட்டின் மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார். பாப் டிலன் 1962இல் ‘புளோயிங் இன் த விண்ட்’ பாட்டுக்கு, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பாட்டு ஒன்றிலிருந்து மெட்டை வளர்த்தார்; அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சிலியின் வியோலேட்டா பார்ரா 1950களில் ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பாட்டு சேகரித்தார். இன்று உலகம் பாடும் அவருடைய சொந்தப் பாட்டுகள் பல அதற்குப் பிறகு வந்தவை.

ஆகவே முதல் வேலை, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய மெட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஆசிரியர் பெயர் இல்லாத மெட்டாக இருக்கட்டும். தாலாட்டு, ஏற்றப்பாட்டு, கும்மி என்று எதுவும் ஆகும். உயிரோடிருக்கும் இசையமைப்பாளரின் மெட்டைத் தொடாதீர்கள். அது கடன் அல்ல, களவு. எடுத்த மெட்டை ஒரு வாரம் சொல்லில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். மூன்றாம் அடியில் மேலே போகிற இடத்தில் கீழே இறங்கிப் பாருங்கள். மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தொண்டைக்கு ஏற்றபடி வளைந்துவிடும். மூலத்தின் சாயல் தெளிவாகத் தெரிந்தால், பாட்டின் கீழே ‘பழைய மெட்டு’ என்று எழுதிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாத்தியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோர்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல்பிடி) பிடிக்க வரவில்லை என்பது ஒரு காரணமே அல்ல. கனடாப் பாடகி ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் வந்த போலியோவால் இடது கை பலவீனப்பட்டது. அவர் கிட்டாரின் சுருதியையே விதவிதமாக மாற்றி வைத்துக்கொண்டார். அவருடைய தனித்த ஓசை அங்கிருந்துதான் வந்தது. அமெரிக்க நாட்டார் பாடகி எலிசபெத் காட்டன் இடது கைக்காரர், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலால் மெட்டை வாசித்தார். நீங்கள் செய்ய வேண்டியது மிக எளிது: ஆறாம் தந்தியையும் முதல் தந்தியையும் டி (D) சுரத்துக்கும், ஐந்தாம் தந்தியை ஜி (G) சுரத்துக்கும் இறக்குங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கோர்டு கேட்கும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து ஐந்தாம் கட்டையில் (fret) அழுத்தினால் சி (C), ஏழாம் கட்டையில் டி. ஒரு பாட்டுக்கு இந்த மூன்றும் போதும்.

இனிச் சொல். என்னை அதிகம் படுத்தியது இதுதான். என் முதல் பாட்டின் பெயர் ‘தனிமை’. காலம் கடலாகவும் கனவு ஓடமாகவும் அதில் இருந்தன. ஒரு சிறிய கூட்டத்தில் பாடினேன். முன்வரிசையில் இருந்தவர் இரண்டாம் சரணத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர்மேல் பல நாள் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தால், கடலும் ஓடமும் யார் வீட்டிலும் இல்லை. அவர் வேறு எதைத்தான் பார்ப்பார்?

பெரிய உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஒரு பொருளைப் பிடியுங்கள். நான் அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது விட்டுச்சென்ற சைக்கிளைப் பிடித்தேன். தாலாட்டு மெட்டு, அடிக்கு நான்கு சீர், சீருக்கு ஒரு தட்டு. தொடையில் தட்டிக்கொண்டே எழுதினேன்:

அண்ணன் விட்டுப் போன வண்டி
திண்ணையிலே சாய்ந்து நிற்கும்
எண்ணெய் விட்டு வைப்பாள் அம்மா
கண்ணீர் விட்டு நிற்பாள் அங்கே

ஓசையில் குறை இல்லை. ‘ண்ண’ எதுகை நான்கு அடியிலும் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த நான்காம் அடி பொய். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. சைக்கிளைத் துடைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். அடியை மாற்றினேன்:

கண்ணெடுத்துப் பார்க்க மாட்டாள்

எதுகையும் கெடாமல் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் எதுகை எப்போதும் இப்படி வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு சரணத்தில் இரண்டு மாதம் அலையவிட்டது. உங்கள் வரிகளில் ‘கண்ணீர்’, ‘இதயம்’, ‘நெஞ்சம்’ எங்கெல்லாம் இருக்கின்றன என்று பென்சிலால் சுழித்துப் பாருங்கள். அநேகமாக நீங்கள் பார்த்ததை எழுதாமல் தப்பித்த இடங்கள் அவை.

எழுதியதை உடனே மூடி வைக்காதீர்கள். கத்ரி தன் பாட்டின் ஒவ்வொரு சரணத்தையும் முதலில் கடவுளின் ஆசியைக் கிண்டலாகச் சொல்லும் அடியோடுதான் முடித்திருந்தார். ‘உனக்கும் எனக்கும்’ என்று மாற்றியது பின்னால். ஒலிப்பதிவு செய்தது 1944இல். ஒவ்வொரு வடிவத்தையும் தேதியும் பெயரும் போட்டு நோட்டில் வைத்திருங்கள். காட்டன் சிறுமியாக இருந்தபோது உருவாக்கிய ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாட்டை 1950களில் இங்கிலாந்தில் வேறு இருவர் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். உரிமை அவருக்குத் திரும்பக் கிடைக்கப் போராட வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது என்று தயங்குகிறவர்களும் அவரை நினைத்துக்கொள்ளலாம். பல பத்தாண்டுகள் வாத்தியத்தை ஏறக்குறைய மறந்து வீட்டுவேலை செய்து வாழ்ந்தவர் அவர். முதல் இசைத்தட்டு 1958இல், அறுபது வயதைக் கடந்த பிறகு வெளிவந்தது.

கடைசியாக, பாட்டை மேடைக்குக் கொண்டுபோகும் முன், அந்தப் பொருளை அறிந்த ஒருவரிடம் பாடிக் காட்டுங்கள். இசை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. நான் அம்மாவிடம் பாடினேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எண்ணெய் எங்கே விட்டேன்? மண்ணெண்ணெயில் அல்லவா துடைத்தேன்” என்றார்.

இப்போது மூன்றாம் அடி இப்படி இருக்கிறது:

மண்ணெண்ணெயில் துடைப்பாள் அம்மா