பட்டியலில் முதலில் நிற்பது குற்றவாளி அல்ல: ஜாவாவில் மெமரி அலொகேஷனைத் துப்பறிவது

ஜாவா சர்வர் திணறுகிறது என்றதும் பலர் ஹீப் டம்ப் (ஆப்ஜெக்டுகள் வாழும் ஹீப் மெமரியின் நகல்) எடுக்க ஓடுவார்கள். நான் அதை முதலில் எடுப்பதில்லை. ஹீப் டம்பைப் பார்த்தால் அந்த நேரத்தில் மெமரியில் என்ன கிடக்கிறது என்று தெரியும். அது எந்த வேகத்தில் வந்து சேர்ந்தது, எந்த மெத்தட் கொண்டுவந்து கொட்டியது என்று தெரியாது. லீக் (தேவை முடிந்தும் விடுபடாத மெமரி) என்பது வடிகால் அடைத்துக்கொண்டது. நான் இங்கே பேசுவது குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருப்பது பற்றி, அதாவது அளவுக்கு மீறிய அலொகேஷன் (புது ஆப்ஜெக்டுகளுக்கு மெமரி ஒதுக்குவது) பற்றி. தண்ணீர் வடிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் வடிப்பதற்கே, வேண்டாத ஆப்ஜெக்டுகளை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி) மூச்சு வாங்கும்.

இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ப்ரொஃபைலர் (ஓடும் ப்ரோகிராமை அளக்கும் கருவி) தேவையில்லை, ஜிசி லாக் போதும். ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 9 முதல் எக்ஸ்லாக் ஆப்ஷனில் ஜிசி என்று கொடுத்தாலே வரும். ஒவ்வொரு வரியிலும் கலெக்‌ஷனுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இருக்கும். ஒரு கலெக்‌ஷன் 400 எம்பியில் முடிந்தது, 2 விநாடி கழித்து அடுத்தது 1600 எம்பியில் தொடங்கியது என்றால், இடையில் 1200 எம்பி ஒதுக்கியிருக்கிறீர்கள். அதாவது விநாடிக்கு 600 எம்பி. கலெக்‌ஷன் முடிந்தபின் வரும் எண் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் லீக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஹீப் டம்ப் எடுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். அந்த எண் அப்படியே நின்று, கலெக்‌ஷன்கள் மட்டும் நெருக்கமாக வந்தால் மேலே படியுங்கள்.

பதிவு எடுப்பது

என் கை முதலில் போவது ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டருக்குத்தான் (ஜேஎஃப்ஆர்), ஓடும் ஜாவா ப்ரோகிராமுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் கருவி அது. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. ஜேடிகே 11-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, அப்புறம் ஜேடிகே 8-இன் பிந்தைய அப்டேட்டுகளுக்கும் வந்துவிட்டது. ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணை ஜேசிஎம்டி கட்டளைக்குக் கொடுத்து, ஜேஎஃப்ஆர் ஸ்டார்ட் என்று சொல்லி, டியூரேஷன் 60 விநாடி, செட்டிங்ஸ் ப்ரொஃபைல், ஒரு ஃபைல் பெயர் என்று மூன்றையும் சேர்த்தால் போதும். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை.

சர்வர் எழுந்த உடனே பதிவு எடுக்காதீர்கள். ஆரம்பத்தில் கிளாஸ் லோடிங் சத்தம்தான் அதிகம் கேட்கும். அதைவிட முக்கியம், ஓடும்போதே கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் இன்னும் சூடாகியிருக்காது. சூடானபின் அது எஸ்கேப் அனாலிசிஸ் செய்து, மெத்தடை விட்டு வெளியே போகாத பல ஆப்ஜெக்டுகளை ஹீப்பில் உருவாக்காமலே விட்டுவிடும். ஆக, குளிர்ந்த நிலையில் எடுத்த பதிவு இல்லாத திருடனைக் காட்டும். பைட்கோடுக்குள் கவுன்டர் செருகி ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எண்ணுகிற பழைய பாணி ப்ரொஃபைலர்களிலும் இதே ஆபத்து உண்டு. எண்ணப் போன இடத்திலேயே அந்த ஆப்டிமைசேஷனைக் கெடுத்துவிடலாம்.

ஃப்ளைட் ரெக்கார்டர் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு த்ரெடுக்கும், ஹீப்பில் புது ஆப்ஜெக்டுகள் பிறக்கும் ஈடன் பகுதியில் டிலாப் என்ற சொந்தத் துண்டு ஒன்று உண்டு. அதற்குள் ஆப்ஜெக்ட் உருவாக்குவது ஒரு பாயின்டரை நகர்த்துகிற வேலைதான், அந்த வேகப் பாதையை ரெக்கார்டர் தொடுவதில்லை. துண்டு தீர்ந்து புதிது வாங்கும்போதும், துண்டுக்கு வெளியே ஒதுக்கும்போதும்தான் குறித்துக்கொள்ளும். ஜேடிகே 16 முதல் அதிலிருந்தும் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வெயிட் என்று ஒரு எடை போடுகிறது. எனவே எத்தனை நிகழ்வுகள் என்று எண்ணாதீர்கள், எடையின் கூட்டலைப் பாருங்கள்.

லினக்ஸிலோ மேக்கிலோ இருந்தால் அசிங்க் ப்ரொஃபைலரும் நல்ல ஆயுதம். ஈவென்ட் அலொக் என்று கொடுத்து, ஹெச்டிஎம்எல் ஃபைல் பெயரும் சொன்னால் நேராக ஃப்ளேம் கிராஃபே (எந்த மெத்தட் எவ்வளவு எடுக்கிறது என்று அகலத்தில் காட்டும் படம்) வந்துவிடும். லைவ் ஆப்ஷனைச் சேர்த்தால் பதிவு முடியும்போதும் உயிரோடு இருப்பவற்றை மட்டும் காட்டும், லீக் சந்தேகத்துக்கு அது உதவும்.

படிப்பது எப்படி

பதிவு ஃபைலை, அதைப் படித்துக் காட்டும் ஜேடிகே மிஷன் கன்ட்ரோலில் திறந்தால் பட்டியலில் பைட் அரே முதலிடத்தில் இருக்கும். அநேகமாக எல்லா சர்வரிலும் அப்படித்தான். ஜேடிகே 9 முதல் ஸ்ட்ரிங்கின் உள்ளே இருப்பதே பைட் அரே, பஃபர்களும் அதுவே. ஆகவே கிளாஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு "ஸ்ட்ரிங் அதிகம்" என்று அறிக்கை எழுதுவது வீண் வேலை. ஸ்டாக் ட்ரேஸுக்குப் (எந்த மெத்தட் எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) போங்கள். உச்சியில் ஜேடிகேயின் மெத்தடுகள் இருக்கும், அவற்றைத் தாண்டி இறங்கி, உங்கள் பேக்கேஜ் பெயர் முதன்முதலாக எங்கே வருகிறது என்று பாருங்கள். அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. மிஷன் கன்ட்ரோல் கையில் இல்லையென்றால், ஜேடிகே 21 முதல் ஜேஎஃப்ஆர் வியூ கட்டளையில் அலொகேஷன் பை சைட் என்று கேட்டால் டெர்மினலிலேயே பட்டியல் கிடைக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய டெக்ஸ்ட் ஃபைலை வரி வரியாகப் படித்து டேட்டாபேஸில் போடும் ஒரு வேலை. பைட் அரேவுக்கு அடுத்து இன்ட் அரே இருந்தது. அந்தக் குழுவின் கோடில் இன்ட் அரே ஒன்றுகூடக் கிடையாது, அதனால் ப்ரொஃபைலர் பொய் சொல்கிறது என்றார்கள். ட்ரேஸில் இறங்கிப் பார்த்தால் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் பேட்டர்னும் மேட்சரும் நின்றன. அவற்றுக்குக் கீழே ரிப்ளேஸ்ஆல். ஸ்ட்ரிங்கின் ரிப்ளேஸ்ஆல் ஒவ்வொரு அழைப்பிலும் பேட்டர்னைப் புதிதாகக் கம்பைல் செய்யும். ஒவ்வொரு வரியிலும் இடைவெளிகளைச் சுருக்க அதைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு கிளை: வரிக்கு ஒரு சிம்பிள்டேட்ஃபார்மேட். அது ஒன்றை உருவாக்கினால் கேலண்டர், நம்பர் ஃபார்மேட் என்று ஒரு கூட்டமே கூட வரும்.

மருந்து எளிது. பேட்டர்னை ஸ்டாட்டிக் ஃபைனலாக ஒரே முறை கம்பைல் செய்தார்கள், தேதிக்கு டேட்டைம்ஃபார்மேட்டருக்கு மாறினார்கள். பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டையே ஸ்டாட்டிக் ஆக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது, அது த்ரெட்-சேஃப் இல்லை, பல த்ரெடுகள் ஒரே நேரத்தில் தொட்டால் குழம்பும். மெமரியை மிச்சம் பிடித்துத் தப்பான தேதியை வாங்கிக்கொள்வீர்கள்.

வழக்கமாக மாட்டுகிற மற்றவை: லாக் லெவல் அணைந்திருந்தாலும் ஸ்ட்ரிங்கை ஒட்டிக் கொடுக்கிற டீபக் வரிகள், லாங் கீ வைத்த மேப்பில் நடக்கும் ஆட்டோபாக்சிங் (வெறும் எண்ணை ஆப்ஜெக்டாகச் சுற்றுவது), அளவு தெரிந்தும் சொல்லாமல் விட்டதால் வளர்ந்து வளர்ந்து நகலெடுக்கும் அரேலிஸ்ட். ஹீப்பை ரீஜன் என்ற சம துண்டுகளாகப் பிரிக்கும் ஜி1 கலெக்டர் என்றால் பெரிய அரேக்களைத் தனியாகக் கவனியுங்கள். ரீஜன் அளவில் பாதியையோ அதற்கு மேலோ தொடும் ஆப்ஜெக்ட் ஹ்யூமங்கஸ் என்று பெயர் வாங்கி, இளம் தலைமுறைக்குப் போகாமல் தனி ரீஜன்களில் உட்கார்ந்துவிடும். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் தொல்லை பெரிது.

எங்கே கை வைப்பது? மொத்த எடையில் 2 சதவீதம் எடுக்கிற இடத்தைத் திருத்திக் கோடை அசிங்கமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஸ்ட்ரீமை ஃபார் லூப்பாக மாற்றிவிட்டுப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளேம் கிராஃபில் அந்த இடம் முடி அளவுகூட இருக்காது.

திருத்தியபின் அதே லோடில் அதே 60 விநாடி மறுபடி எடுங்கள். இரவு லோடில் எடுத்ததைப் பகல் லோடோடு ஒப்பிட்டால் எதையும் நிரூபிக்கலாம். விநாடிக்கு எத்தனை எம்பி என்பதைவிட ஒரு கோரிக்கைக்கு எத்தனை பைட் என்பது நேர்மையான அளவு, ஏனென்றால் கோடு வேகமானால் கோரிக்கைகளும் கூடி, விநாடிக் கணக்கு குறையாதது போலத் தெரியும். ஒரே மெத்தடைத் தனியாகச் சோதிக்க ஜேஎம்ஹெச் என்ற பெஞ்ச்மார்க் கருவி இருக்கிறது. அதில் ஜிசி ப்ரொஃபைலரை இயக்கினால், ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை பைட் என்பதைத் தனி வரியாகவே தந்துவிடும்.