வேரோடு எடுங்கள்: பழைய ஃபீச்சரை கோட்பேஸிலிருந்து முழுதாக நீக்கும் முறை

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எங்களுடையது. 11 பேர் ஒரே கோட்பேஸில், அதாவது ஒரே கோட் தொகுப்பில், கை வைக்கிறோம். முன்பு அதில் லாயல்டி பாயிண்ட் வசதி இருந்தது. கடைக்காரர்கள் வேண்டாம் என்றதும் நீக்கிவிட்டோம். அதாவது, திரையிலிருந்து பட்டனும் மெனுவும் போயின, டிக்கெட்டை மூடினோம். அந்த வசதிக்காக ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடும் கிரான் ஜாப் (நேரம் குறித்துவைத்த வேலை) யார் கண்ணிலும் படவில்லை. ஸ்டேட்டஸ் 4 என்று இருக்கும் பில்களை எடுத்து 'முடிந்தது' என்று மாற்றுவது அதன் வேலை. பாயிண்ட் நிலுவையில் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த 4. வசதி போனபிறகு 4 என்று எந்த பில்லும் வரவில்லை. ஜாப் மட்டும் தினமும் ஓடி, வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தது.

ஏழு மாதம் கழித்து வீட்டு டெலிவரி வசதியை நான் எழுதினேன். ஸ்டேட்டஸ் பட்டியலில் 4 காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை, டெலிவரிக்குக் காத்திருந்த 38 ஆர்டர்கள் 'முடிந்தது' என்று காட்டின. அவற்றில் இன்சுலின் ஆர்டர்களும் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, மதியத்துக்குள் மருந்தைச் சேர்த்தோம். அன்றைக்குப் பிறகு ஃபீச்சரை நீக்குவதை எங்கள் டீமில் யாரும் சில்லறை வேலையாக நினைப்பதில்லை.

இதே தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் கதையை டீமில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் சொல்கிறேன். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய வர்த்தக நிறுவனம் அது. 'பவர் பெக்' என்ற வசதியை 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கோட் சர்வரில் அப்படியே கிடந்தது. ஆர்டர் நிறைவேறியதும் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் கணக்கை 2005-ல் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். நகர்த்தியபின் பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. 2012-ல் புதிய வசதி ஒன்றை எழுதி, பவர் பெக் பயன்படுத்திய அதே ஃபிளாகை (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் குறி) அதற்குக் கொடுத்தார்கள். 8 சர்வர்களில் 7-க்குத்தான் புதிய கோட் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் பழைய கோட் விழித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் 212 ஆர்டர்களுக்காக 40 லட்சம் வர்த்தகங்களுக்கு மேல் நடந்தன. 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் நஷ்டம். பதற்றத்தில் சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட, அவற்றிலும் பவர் பெக் ஓட ஆரம்பித்தது.

எனக்கு இதில் உறுத்துவது 2005. பயனில் இல்லாத கோடை யாரும் சோதிப்பதில்லை, ஆனால் சுற்றியிருக்கும் கோட் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் தொடாமல் விட்ட பழைய கோட், விட்ட நாளில் இருந்த அதே கோட் அல்ல. அதன் காவல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயிருக்கும்.

இனி எங்கள் முறை. முதலில் கணக்கெடுப்பு. கோடின் எல்லா மாற்றங்களையும் சேமித்துவைக்கும் கருவி கிட். அதன் தேடல் கட்டளையான கிட் கிரெப்பில் ஃபீச்சரின் பெயரைப் போட்டுத் தேடினால் மட்டும் போதாது. எங்கள் லாயல்டி, கோடில் சில இடத்தில் 'பாயிண்ட்', சில இடத்தில் 'ரிவார்டு', டேட்டாபேஸில் வெறும் 'பிடிஎஸ்'. அந்த வசதி முதலில் சேர்க்கப்பட்ட கமிட்களுக்கு (கிட்டில் பதிவான மாற்றங்களுக்கு) போய், அவை தொட்ட ஃபைல்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் நம்பகமானது. பிறகு ரெப்போவுக்கு (கிட்டில் இருக்கும் கோடுக்கு) வெளியே பாருங்கள்: கிரான் ஜாப்களின் பட்டியலான கிரான்டேப், சர்வரில் அமைத்துவைத்த என்விரான்மென்ட் வேரியபிள்கள், டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் ஸ்டோர்டு புரொசீஜர்கள், எஸ்எம்எஸ் டெம்ப்ளேட்கள், யாரோ எக்செலில் வைத்திருக்கும் ரிப்போர்ட் குவெரி. எங்களைக் கடித்தது இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருந்தது.

அடுத்து வாசலை மூடுங்கள். திரை, ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் நம்மோடு பேசும் வழி), ஜாப் என்று உள்ளே வரும் எல்லா வழிகளிலும் பழைய வேலையை நிறுத்திவிட்டு, யாராவது வந்தால் லாகில் ஒரு வரி விழும்படி வையுங்கள். கோடை இன்னும் அழிக்காதீர்கள். எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதை உங்கள் பயனர்களின் சுழற்சி முடிவு செய்யட்டும். எங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் மாதாமாதம் வருவதால், ஒரு மாத முடிவைத் தாண்டாமல் எதையும் அழிப்பதில்லை. வருடாந்திரக் கணக்கைத் தொடும் வசதியென்றால் மார்ச் 31 தாண்ட வேண்டும்.

லாக் அமைதியாக இருந்தால் கோடை அழிக்கலாம். ஒருவர் பெயரில் அந்த வேலை இருக்கட்டும், அவர் முடிக்கும்வரை டிக்கெட் திறந்தே இருக்கட்டும். பல புல் ரிக்வெஸ்ட்களாக (மற்றவர் பார்த்து ஏற்கும் மாற்றங்களாக) பிரிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் பில்டு, அதாவது முழுக் கோடையும் சேர்த்துக் கட்டுவது, உடையாமல் முடிய வேண்டும். கமென்ட் போட்டு மறைத்து வைக்காதீர்கள். திரும்ப வேண்டுமென்றால் கிட்டில் இருக்கிறது. ஸ்கிப் செய்யப்பட்ட டெஸ்ட் கண்ணில் பட்டால் அங்கே நின்று கேளுங்கள்: கோட் போய்விட்டதா, டெஸ்ட் மட்டும் வாயடைக்கப்பட்டதா?

டேட்டாவைக் கடைசியில் தொடுங்கள், தனி டிப்ளாய்மென்டில் (சர்வரில் ஏற்றும் தனிச் சுற்றில்). சர்வர்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும்போது பழைய கோடும் புதிய கோடும் சிறிது நேரம் ஒன்றாக ஓடும். அந்த நேரத்தில் ஒரு ஃபீல்டை அழித்தால் பழைய கோட் உடையும். ஃபீல்டு காலியாக இருக்கலாம் என்று மாற்றி, எழுதுவதை நிறுத்தி, படிப்பதை நிறுத்தி, எல்லா சர்வரிலும் ஒரே வெர்ஷன் இருப்பதைக் கண்ணால் பார்த்து, பேக்கப் எடுத்து, அதன் பிறகுதான் அழிப்பு.

பழைய எண்ணையும் பெயரையும் மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். டேட்டாவின் வடிவத்தை எழுதிவைக்கும் கூகுளின் புரோட்டோபஃபில் இதற்கென்றே 'ரிசர்வ்டு' என்ற சொல் உண்டு. நீக்கிய ஃபீல்டின் எண்ணை அதில் எழுதிவைத்தால், வேறொருவர் எடுக்கும்போது கம்பைலர் (எழுதியதைப் படித்து மாற்றித் தரும் கருவி) மறுத்துவிடும். இந்த வசதி இல்லாத மொழியில் நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் ஸ்டேட்டஸ் பட்டியலில் இப்போது 4-ஆம் எண்ணுக்கு நேராக 'லாயல்டி, நீக்கப்பட்டது, தொடாதே' என்று எழுதியிருக்கிறது.

கம்பைலர் காட்டிக்கொடுக்கும் என்று இருந்துவிடக் கூடாது. சி மொழியில், 'இந்தப் பெயர் இருந்தால் மட்டும் இந்தப் பகுதியைச் சேர்' என்று சொல்லும் கட்டளை இஃப்டெஃப். இல்லாத கான்ஃபிக் பெயரை அதில் கேட்டால் எந்தப் புகாரும் வராது, அந்தப் பகுதி சத்தமில்லாமல் விடுபடும். லினக்ஸ் கர்னல் சோர்ஸிலேயே, இப்படி வரையறை இல்லாமல் தொங்கும் பெயர்களைத் தேடிப்பிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. நாங்கள் அதைவிட எளிதாகச் செய்கிறோம்: நீக்கிய ஃபீச்சர்களின் பெயர்கள் ஒரு ஃபைலில் இருக்கும், சிஐ (கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஒவ்வொரு முறையும் அவற்றைத் தேடும், ஒன்று அகப்பட்டாலும் பில்டு நிற்கும். ஃபிளாக் போடுபவர் தன் பெயரையும் காலாவதி தேதியையும் சேர்த்தே போட வேண்டும். தேதி தாண்டினாலும் பில்டு நிற்கும்.

சிஐக்கு எட்டாத கிரான்டேபை மட்டும் நான் இன்னும் கையால்தான் பார்க்கிறேன். மாதத்தின் முதல் திங்கள்கிழமை, ஒவ்வொரு வரிக்கும் 'இது யாருக்காக ஓடுகிறது?' என்று டீமில் கேட்பேன். போன மாதம் இரண்டு வரிகளுக்குப் பதில் வரவில்லை. இரண்டையும் நிறுத்தி, லாகைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறோம்.