தவளைத் தோலைப் பதனிட்டு வலுவை அளப்பது எப்படி?

தவளைத் தோல் உடம்போடு முழுக்க ஒட்டியிருக்காது. அடியில் நிணநீர்ப் பைகள் இருப்பதால் உரிப்பது சுலபம். ஆனால் சூடு பட்டால் போச்சு: ஆட்டுத்தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிக் கூழாகிவிடும். பதனிட்டு முடியும்வரை தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள்.

இறைச்சிக்காக வளர்த்த தவளையின் தோலையே எடுங்கள். தேரை என்றால் கண்ணுக்குப் பின்னால் நச்சுச் சுரப்பி உண்டு, கையுறை கட்டாயம்.

100 கிராம் தோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு, சில சொட்டு திரவ சோப்பு. அரை மணி நேரம் ஊறியதும் வழவழப்பு விடும். உட்புறச் சவ்வைக் கரண்டி விளிம்பால் வழியுங்கள். கத்தி வைத்தால் கிழியும். ரோமம் இல்லாததால் சுண்ணாம்பு ஊறலைத் தவிர்ப்பதே நல்லது.

100 கிராம் கருவேலம்பட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். முதல் நாள் ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர், இரண்டாம் நாள் சரிபாதி, பிறகு முழுச்சாறு. எடுத்தவுடன் கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் பதமாகி இறுகிவிடும். துவர்ப்பு உள்ளே இறங்காது. நான்காம் நாள் ஓரத்தில் சிறு துண்டு நறுக்கி, வெட்டுவாயை உருப்பெருக்கியில் பாருங்கள். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் ஒரு நாள் ஊறட்டும்.

அலசியபின் ஒரு முட்டை மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் மூன்றையும் அடித்துக் கலந்து உட்புறம் தேயுங்கள். பலகையில் ஊசி குத்தி நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே மேசை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துத் தளர்த்த வேண்டும். தப்பவிட்டால் சருகுபோல விறைக்கும்.

வலுவை அளக்க, முதுகெலும்பின் போக்கில் மூன்று, குறுக்கே மூன்று என 10 மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் தடிமனையும் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். மேல்முனையைக் கவ்வியில் மாட்டி, கீழ்முனையில் வாளி கட்டி, அறும்வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியும் தண்ணீரும் சேர்ந்து 6 கிலோவில் அறுந்தால், அதை 9.8 ஆல் பெருக்க, விசை சுமார் 59 நியூட்டன். தடிமன் 0.4 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் வலு சுமார் 14.7 நியூட்டன்/சதுர மில்லிமீட்டர். கவ்வியின் வாயிலேயே அறுந்தால் அந்தக் கணக்கு செல்லாது: கவ்வி கடித்த வடுதான் அங்கே அறுத்திருக்கும்.

தைக்கப் போகிறீர்கள் என்றால் கிழிசல் சோதனையே முக்கியம். பட்டையின் நடுவில் நீளவாக்கில் பாதிவரை கீறி, கீறியதால் பிரிந்த இரு பாதிகளையும் எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். மேலே அளந்த இழுவலு நன்றாக இருந்தும் இதில் சட்டெனக் கிழிந்தால், கனமான துணியில் ஒட்டியே தையுங்கள்.